இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றானால் துணை விமானியின் பணிமூப்பு என்னவாகும்?

கேள்வி: நாகலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காடு மலையில் நாகலூரில் வசிக்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் மகள் ஒரு விமான நிறுவனத்தில் ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தின் துணை விமானியாக நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் பணியாற்றியிருக்கிறாள். அவளுடைய பயிற்சிக்காகக் காப்பித் தோட்டத்தில் பாதியை வங்கியில் அடமானம் வைத்தோம்; அந்தக் கடன் இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு இருக்கிறது.

அவளுடைய நிறுவனத்தை அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதாகச் சென்ற மாதம் ஊழியர்களுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். நிறுவனங்களின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இணைப்பு முடிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம் என்கிறார்கள். அதற்குள் புதிய பணி ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, மூன்று வாரங்களுக்குள் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் பணியில் இருந்தவர்களுக்குப் பணிமூப்புப் பட்டியல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மாறுதல் கலந்தாய்வில் ஓர் எண் முன்னே பின்னே போனதால், ஓமலூருக்கு வர வேண்டியவர்கள் கெங்கவல்லிக்குப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே விதிகள் அரசாணையாக இருந்தன. முறையீடு செய்ய ஓர் அலுவலகம் இருந்தது. இரண்டு தனியார் நிறுவனங்களின் விமானிகளை ஒரே பட்டியலில் சேர்க்கும்போது யார் முன்னால், யார் பின்னால் என்பதை எந்த விதிப்படி முடிவு செய்கிறார்கள்? என் மகள் கேப்டனாக உயர்வதற்கான தேர்வுகளை எழுதித் தேறிவிட்டாள். பறந்த மணிகளும் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு அவளுடைய முறை வரும் என்று காத்திருந்தோம். பெரிய நிறுவனத்தில் பெரும்பாலும் ஜெட் விமானங்களே இருப்பதால், ஏடிஆர் விமானிகளைத் தனியாக ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. புதிய ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் மூன்று ஆண்டுப் பயிற்சிப் பத்திரம் ஒன்றும் இருக்கிறது. அவள் கையெழுத்திடலாமா?

விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற கேப்டன், ஏற்காடு

அம்மா, வணக்கம். உங்கள் ஊருக்கு நான்கைந்து மைல் தொலைவில்தான் இருக்கிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பறந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இணைப்பு என்றதும் விமானிகள் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். சம்பளம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறக்கூடியது. பட்டியலில் ஒருவருக்குக் கிடைக்கும் எண்ணோ ஓய்வு பெறும் நாள்வரை கூடவே வரும். எப்போது கேப்டன் ஆவது, எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பது, எந்த ரக விமானத்துக்கு மாறுவது, தீபாவளிக்கு யாருக்கு விடுப்பு, நிறுவனம் ஆட்களைக் குறைத்தால் யார் முதலில் வெளியேறுவது என்று அத்தனையிலும் அந்த எண்ணின் நிழல் விழும். நம் நாட்டில் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுப்பதும் உண்டு என்பதால், அமெரிக்காவில் உள்ள அளவுக்கு இங்கே அது இறுக்கமானதல்ல. ஆனால் நிறுவனத்துக்குள்ளே பதவி உயர்வுக்கு வரிசை நிற்பது அந்தப் பட்டியலின்படிதான்.

பட்டியல்களைச் சேர்ப்பதில் உலகெங்கும் புழக்கத்தில் உள்ள வழிகள் முக்கியமாக மூன்று. அவை எவ்வளவு வேறுபட்ட முடிவுகளைத் தரும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். பெரிய நிறுவனத்தில் 1,000 விமானிகள், சிறிய நிறுவனத்தில் 200 பேர், அந்த 200 பேரில் உங்கள் மகள் 120ஆவது இடத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் கடந்த நான்கு ஆண்டுகளில் வேகமாக வளர்ந்து, 700 பேரை அவளுக்குப் பிறகே பணியில் சேர்த்திருக்கிறது. பணியில் சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், அவளுக்கு முன்னால் அங்கே 300 பேர், இங்கே 119 பேர். அவள் 420ஆவது இடத்துக்கு வருவாள். தன் பட்டியலில் அவள் எந்த விகிதத்தில் நின்றாளோ அதே விகிதத்தைப் புதிய பட்டியலிலும் காப்பது என்று முடிவெடுத்தால், 200இல் 120 என்பது 1,200இல் 720 ஆகும். சிறிய நிறுவனத்தார் அனைவரையும் பெரிய பட்டியலின் அடியில் அப்படியே ஒட்டிவிட்டால் அவளுடைய எண் 1,120. ஆளும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்து ஒரு வாழ்க்கையே இடம் மாறிவிடுகிறது. நடைமுறையில் இவற்றைக் கலந்து, விமானத்தின் ரகத்தையும் பதவியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நான்காவதாக ஒரு வழியை வகுப்பதும் உண்டு.

அடியில் ஒட்டுவது வெறும் கற்பனையன்று. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏ என்ற மற்றோர் அமெரிக்க விமான நிறுவனத்தை வாங்கியபோது, அதன் விமானிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியேறியவர்களும் அவர்களே. டிடபிள்யூஏ-வின் தலைமையிடம் மிசௌரி மாநிலத்தில் இருந்தது. அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களான கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் ஆகியோர் முன்னின்று 2007இல் ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். இணைப்பின்போது பணிமூப்பை நியாயமாகச் சேர்க்க வேண்டும், உடன்பாடு எட்டாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் விமானிகளுக்கென்று அப்படியொரு சட்டம் இல்லை. உங்கள் கேள்விக்கு நேரடியான விடை இதுதான்: விதி என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒன்று கிடையாது, நிறுவனமும் விமானிகளும் பேசி முடிப்பதே விதியாகிறது.

நடுவரிடம் போனாலும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தன. நடுவர் ஜார்ஜ் நிக்கோலா 2007இல் அளித்த தீர்ப்பில், ஆட்குறைப்பால் வீட்டில் இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள், வேலையில் இருந்த மறுதரப்பு விமானிகளுக்குக் கீழே வைக்கப்பட்டார்கள். பதினாறு ஆண்டுகளுக்கும் மேல் சேவை உடைய ஒருவர், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. யுஎஸ் ஏர்வேஸ் தரப்பினர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 2008இல் தங்கள் சங்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. அந்த நிறுவனம் 2013இல் அமெரிக்கனோடு இணைந்த பிறகும் பட்டியல் சிக்கல் தொடர்ந்தது. ஒரே நிறுவனத்தின் பெயரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே பறந்துகொண்டிருந்தன. இதற்கு நேர்மாறாக 2008இல் டெல்டாவும் நார்த்வெஸ்டும் இணைந்தபோது, இணைப்பு நிறைவடையும் முன்பே விமானிகளோடு ஒப்பந்தத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். அந்த ஆண்டின் முடிவுக்குள் பட்டியலும் வந்துவிட்டது.

நம் நாட்டின் பாடம் 2007இல் நடந்த ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இணைப்பு. காகிதத்தில் இரண்டும் ஒன்றாயின. விமானிகளின் சம்பள முறை, பதவி உயர்வு, சங்கம் மூன்றும் இரண்டாகவே இருந்தன. சமச் சம்பளம் கேட்டு 2011 ஏப்ரல் இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு அமைத்து, பணியாளர் ஒருங்கிணைப்பைப் பற்றி அறிக்கை பெற வேண்டியதாயிற்று. 2012 மே மாதத்தில் மறுதரப்பினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தில் பயிற்சி யாருக்கு என்பதே சண்டையின் மையம். அது 58 நாள்கள் நீடித்தது. இணைப்பு நடந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, ஒரு புதிய விமானத்தில் துணை விமானியின் வலப்பக்க இருக்கைக்கும் கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கும் உரியவர் யார் என்று அடித்துக்கொள்ளும் நிலை வந்ததற்குக் காரணம், அந்தக் கேள்விக்கு 2007லேயே விடை எழுதாமல் விட்டதுதான் என்பது என் உறுதியான கருத்து.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்று மற்றொன்றோடு இணைந்தபோது, என் பணிமூப்புத் தேதியாக நான் வேலையில் சேர்ந்த நாளை எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி முடிந்து பயிற்றுநரின் மேற்பார்வை இல்லாமல் பறக்க அனுமதி பெற்ற நாளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதங்களில் மறுதரப்பில் சேர்ந்தவர்கள் அனைவரும் எனக்கு முன்னால் போனார்கள். நான் கேப்டன் ஆவது மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. சேர்ந்த தேதியே பணிமூப்புத் தேதி என்று முதல் நாள் வாய்மொழியாகத்தான் சொல்லியிருந்தார்கள். கடிதம் ஏதும் என்னிடம் இல்லை. பட்டியல் வெளியான பிறகு நான் எழுதிய நான்கு முறையீடுகளுக்கும் பதில் வரவில்லை.

ஆகவே உங்கள் மகள் இன்றே செய்ய வேண்டியது, தற்போதைய பட்டியலில் தன் எண் என்ன, அது எந்தத் தேதியை அடிப்படையாகக் கொண்டது என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்வது. பட்டியல் வெளியான பின் கேட்கும் கேள்விக்கும், வெளியாகும் முன் கேட்கும் கேள்விக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

பதில் 2: சூரமங்கலம் வங்கி ஓய்வூதியர்

டீச்சர், நான் விமானத் துறை அறியாதவன். வங்கி இணைப்பு ஒன்றைப் பணியில் இருந்தபடியே கடந்து வந்தவன். 2017 ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக ஆயின. யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் ஒரே தெருவில் இரண்டு கிளைகள் இருந்த இடங்களில் ஒன்றை மூடியபோது, அங்கே இருந்தவர்கள் எங்கெங்கோ போக வேண்டியிருந்தது. விமான நிறுவனங்களும் ஒரே வழித்தடத்தில் இரண்டும் பறந்துகொண்டிருந்தால் ஒன்றைக் குறைப்பார்கள் அல்லவா? உங்கள் மகளின் தளம் எந்த ஊர், அந்த ஊரில் பெரிய நிறுவனத்துக்கும் ஏற்கெனவே விமானிகள் இருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். மற்றபடி பணிப் பாதுகாப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

பதில் 3: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

ஓய்வூதியர் ஐயாவின் கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. வங்கி இணைப்பில் மைய அரசின் அறிவிக்கை இருந்தது, தொழிற்சங்கங்களோடு போட்ட ஒப்பந்தங்கள் இருந்தன. தனியார் நிறுவனங்களின் இணைப்பில் ஊழியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, எழுதப்பட்ட ஆவணங்களில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான்.

அம்மா, முதலில் இது எந்த வகையான இணைப்பு என்று பாருங்கள். ஒரு நிறுவனம் மற்றொன்றின் பங்குகளை வாங்கினால், ஊழியரின் முதலாளி சட்டப்படி மாறுவதில்லை, உரிமையாளர்தான் மாறுகிறார். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குப் போனது அப்படித்தான். ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்பது அந்த விற்பனையின் நிபந்தனைகளுள் ஒன்று. மாறாக, ஒரு நிறுவனம் மற்றொன்றில் கரைந்துபோனால் முதலாளியே மாறுகிறார். 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவில் இணைந்தது இந்த வகை. இதற்குக் கம்பெனிகள் சட்டம் 2013இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின் கீழ் இணைப்புத் திட்டம் ஒன்றைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். விஸ்தாரா இணைப்பு 2022 நவம்பர் 29 அன்று அறிவிக்கப்பட்டு, இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல், தீர்ப்பாயத்தின் ஒப்புதல் எல்லாம் பெற்று நிறைவடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு கால அவகாசம் உள்ள ஒரு வேலையில், உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் மூன்று வாரக் கெடு என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

இத்தகைய திட்டங்களில் ஊழியர்களைப் பற்றி வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். சேவையில் முறிவு இல்லாமலும், இருந்ததைவிடக் குறைவில்லாத நிபந்தனைகளிலும் ஊழியர்கள் புதிய நிறுவனத்தின் பணியாளர்கள் ஆவார்கள் என்று அது கூறும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம் 1947, தன் 25எஃப்எஃப் பிரிவில் வகுத்த கொள்கையும் அதுவே: சேவை தொடர்ந்து, நிபந்தனைகளும் குறையாமல் இருந்தால் இழப்பீடு கிடையாது, இல்லையென்றால் உண்டு. விமானிகள் இத்தகைய சட்டங்கள் சொல்லும் தொழிலாளர் வரையறைக்குள் வருவார்களா என்பது நீதிமன்றங்களில் பலமுறை வாதிடப்பட்ட கேள்வி என்பதால், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பத்தி சேவைத் தொடர்ச்சியைக் காக்கும், பணிமூப்பு எண்ணைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. இரண்டும் ஒன்று என்று எண்ணிப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

சேவைத் தொடர்ச்சி உங்களுக்கு இப்போதே முக்கியம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியான சேவை தேவை. உங்கள் மகளுக்கு இன்னும் பத்து மாதங்கள் இருக்கின்றன. (நான்கு ஆண்டுகள் முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள்கள் வேலை செய்திருந்தாலே போதும் என்று, நம் மேட்டூரின் பெயரைத் தாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் வழக்காடிப் பெறுவதைவிட வழக்கில்லாமல் பெறுவது நல்லது.) புதிய ஒப்பந்தத்தை 'புதிய நியமனம்' என்று தலைப்பிட்டு அனுப்பியிருந்தால், பழைய சேவை தொடர்கிறது என்ற வரி அதற்குள் கட்டாயம் இருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் தனியாகக் கேட்டால் கொடுக்கவே கூடாது.

பயிற்சிப் பத்திரத்தைப் பற்றி: நீதிமன்றம் ஏற்காது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பத்திரத் தொகை உண்மையான பயிற்சிச் செலவுக்கு இணையாக இருக்கிறதா, மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறதா, பயிற்சியே தராவிட்டாலும் பத்திரம் ஓடுமா என்று பாருங்கள். பழைய நிறுவனத்தில் ஏற்கெனவே பத்திரம் இருந்தால் அது இணைப்போடு புதிய நிறுவனத்துக்குப் போய்விடும். இரண்டு பத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடக் கூடாது. விலகுவது என்று முடிவெடுத்தாலும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானிக்கு 6 மாதமும் கேப்டனுக்கு 12 மாதமும் முன்னறிவிப்புக் காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: கமலாபுரம் ஓடுதளம்

அம்மா, நான் தீவட்டிப்பட்டிக்காரன். ஜெட் விமானத்தில் துணை விமானி. அண்மையில் ஓர் இணைப்பைக் கடந்து வந்தவன் என்பதால், கேப்டன் ஐயாவும் வழக்கறிஞரும் தொடாத இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

ஒன்று, மாத வருமானம். சம்பள விகிதம் மாறாமலேயே வருமானம் குறையலாம். உறுதி செய்யப்பட்ட பறப்பு மணி எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் விமானிகள் பற்றாக்குறையால் பல விமானங்கள் ரத்தானதற்குப் பின்னணியாக இருந்த மனக்குறைகளில் இது முதன்மையானது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் 70 மணி நேரத்துக்குச் சம்பளம் என்று இருந்தது, இணைப்பை ஒட்டிய புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரமாயிற்று. கூடுதலாகப் பறந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாதத் தவணை கட்டும் குடும்பம், உறுதியான தொகையை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். நோயுற்றோ சிமுலேட்டர் பயிற்சியிலோ ஒரு மாதம் கழிந்தால் கைக்கு என்ன வரும் என்பதை அக்காவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றொன்று ஏடிஆர். உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நம் சேலம் விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஏடிஆர் போன்ற விமானமே பொருத்தமானது. அதை ஓட்டத் தெரிந்த கேப்டன்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்தச் சேவைகள்தாம் முதலில் ஆடும். சேலத்தையே பாருங்கள்: 2009இல் கிங்ஃபிஷர் வந்து நின்றுபோயிற்று, 2018 மார்ச்சில், சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தரும் மைய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் மீண்டும் விமான ஓசை கேட்டது. அலையன்ஸ் ஏர் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாகவே இருந்தது. 2022இல் விற்பனை நடந்தபோது அது அரசிடமே தங்கிவிட்டது. ஒரே குடும்பத்தில் இருந்தும் ஏடிஆர் விமானிகள் வேறு பாதையில் போனார்கள் என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு கிடையாது.

ஆகவே, அந்தப் பெரிய நிறுவனத்தில் ஏடிஆருக்கும் ஜெட்டுக்கும் ஒரே பட்டியலா, தனித்தனிப் பட்டியல்களா என்று கேட்க வேண்டும். ஒரே பட்டியல் என்றால், ஏடிஆரில் கேப்டன் ஆன பிறகு ஜெட்டுக்கு மாறும்போது மீண்டும் துணை விமானியாக உட்கார வேண்டுமா? ஜெட்டுக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, பெறும் செலவு யாருடையது? பத்திரம் அந்தச் செலவுக்காகத்தான் என்றால் பரவாயில்லை; எந்தப் பயிற்சியும் குறிப்பிடாமல் மூன்று ஆண்டுகள் என்று இருந்தால் அது ஆளைக் கட்டிப்போடுவதற்கானது.

பயிற்சியைப் பொறுத்தவரை அக்கா அஞ்ச வேண்டாம். விமானம் அதேதான், ஓட்டும் நடைமுறைகளும், இருவரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லும் சொற்களும், சரிபார்ப்புப் பட்டியலின் வரிசையும் மாறும். எனக்கு முதல் இரண்டு வாரங்கள் பழைய சொற்களே வாயில் வந்தன. வகுப்பும் சிமுலேட்டரும் முடிந்து சில வாரங்கள் பறந்த பிறகு சரியாகிவிட்டது.

நாகலூர் ஆசிரியை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளோடு தொலைபேசியில் பேசி, நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

புதிய ஒப்பந்தத்தின் தலைப்பு வழக்கறிஞர் அஞ்சியபடியே 'நியமன ஒப்பந்தம்' என்றுதான் இருக்கிறது. பழைய சேவை தொடரும் என்ற வரி இல்லை. உறுதி செய்யப்பட்ட மணி இப்போது இருப்பதைவிடப் பதினைந்து குறைவு. பத்திரத்தில் எந்தப் பயிற்சிக்காக என்று குறிப்பிடவில்லை. பணிமூப்பைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: 'நிறுவனம் அவ்வப்போது வகுக்கும் கொள்கையின்படி'. முப்பத்தோரு ஆண்டுகளில் எத்தனையோ அரசாணைகளைப் படித்திருக்கிறேன். 'அவ்வப்போது' என்ற சொல் வரும் இடத்தில் நமக்கு உரிமை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவளுடைய தேதியிலும் கேப்டன் ஐயா சொன்ன சிக்கலே இருக்கிறது. வேலையில் சேர்ந்த நாளுக்கும் மேற்பார்வை இல்லாமல் பறக்க அனுமதி கிடைத்த நாளுக்கும் இடையே ஐந்து மாதங்கள். எந்தத் தேதியைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இதைத் தனி ஆளாகக் கேட்டால் தன்னை அடையாளம் கண்டு குறித்துவைத்துக்கொள்வார்களோ என்று மகள் தயங்குகிறாள். அவளுடைய அணியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஏடிஆர் விமானிகள் இருக்கிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார்களாம். ஐயா, இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற கேப்டன், ஏற்காடு

அம்மா, இரண்டு கடிதங்களாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணிமூப்புத் தேதி எது என்று கேட்பது தன் சொந்தப் பதிவேட்டைப் பற்றிய சாதாரண விசாரணை; அதை அவள் தன் பெயரில், தன் மின்னஞ்சலில், நாளையே அனுப்பலாம். அதற்காக யாரும் யாரையும் குறித்துவைத்துக்கொள்வதில்லை. பட்டியலை எந்த முறையில் சேர்ப்பீர்கள், ஏடிஆருக்குத் தனிப் பட்டியலா, சேவை தொடருமா, பத்திரம் எதற்கு என்ற நான்கும் கூட்டாகக் கேட்க வேண்டியவை. கையெழுத்திட்டவர்களும் அதில் சேரலாம். சேரவும் வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய எண்ணும் அதே பட்டியலில்தான் வரப்போகிறது. அறுபது பேரில் முப்பது பேர் சேர்ந்தாலும் போதும். பெயர்களை அகர வரிசையில் எழுதுங்கள். யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது. பதில் வரும்வரை ஒப்பந்தக் கெடுவை நீட்டித்துத் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.

கடிதத்தின் வரைவை அனுப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. நானும் பார்த்துத் தருகிறேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

தாராளமாகக் கொண்டுவாருங்கள் அம்மா. முதல் நியமனக் கடிதம், பழைய பத்திரம், புதிய ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பறப்புப் பதிவேட்டில் அனுமதி கிடைத்த நாளின் பக்கம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கட்டணம் வேண்டாம், என் மூத்த அண்ணன் உங்கள் பள்ளியில்தான் படித்தார்.

நாகலூர் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. வியாழக்கிழமை மகளுக்கு ஓய்வு நாள். பெங்களூரிலிருந்து பேருந்தில் வருகிறாள். வெள்ளிக்கிழமை காலை இருவரும் மலையிறங்கி வருகிறோம். தேதி கேட்கும் மின்னஞ்சலை இன்று பிற்பகல் அனுப்பிவிட்டாள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.